கருவில் வளரும் அமானிதமும் புகையிலையும்



 

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து கொண்டிருந்த வேளையில், கொட்டாஞ்சேனையில் வசிக்கும் சகோதரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று பேசினார். அவருடைய மனைவி அப்பொழுது ஆறு மாதக் கர்ப்பிணி. அந்த வாரம் குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, வழமையான கேள்விகளைக் கேட்டுப் பதிவட்டையில் குறித்துக்கொண்டிருந்தார். இறுதியில், "வீட்டில் யாராவது சிகரட் குடிக்கிறார்களா, தங்கச்சி?" என்று வினவினார். "இல்லை மிஸ், எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லை" என்று அந்தப் பெண் பதிலளித்தார்.

அந்த வேளையில் சகோதரர் உள்ளறையில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தார். சற்று முன்னர்தான் சன்னலோரம் நின்று ஒரு சிகரட்டைப் புகைத்து முடித்திருந்தார். "அவள் பொய் பேசிப் பழக்கமில்லாதவள். என் மானத்தைக் காப்பதற்காக அன்று பொய் சொன்னாள். அந்தச் சொல் என்னைத் தூங்க விடவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்.

அவருக்கு அன்று நான் சொன்ன சிலவற்றையும், அன்று சொல்லத் தெரியாமல் பின்னர் வைத்தியர்களிடமும் நூல்களிலும் கற்றுக்கொண்டவற்றையுமே இவ்வுரையில் உங்கள் முன் வைக்கிறேன்.

நேயர்களே! நம் நாட்டுக் கர்ப்பிணித் தாய்மாரிடம் "நீங்கள் புகைப்பதுண்டா?" என்று கேட்டால், "இல்லை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடை உண்மையானதுங்கூட. 2015ஆம் ஆண்டில் நாடு தழுவி நடத்தப்பட்ட சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்த ஆண்களில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூவர் புகைப்பவர்களாக இருந்தனர். பெண்களிலோ நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவைக்கூட அது எட்டவில்லை. மேலை நாடுகளில் கர்ப்பிணியைப் புகைப்பழக்கத்திலிருந்து மீட்பதே வைத்தியர்களின் பெருங்கவலை. நம் நாட்டிலோ அந்தக் கேள்வி அவளருகில் அமர்ந்திருக்கும் கணவனை நோக்கியும், அதே வீட்டில் வாழும் வாப்பாவை, மாமனாரை, சகோதரர்களை நோக்கியும் கேட்கப்பட வேண்டியதாகிறது. உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலும் இதனையே வலியுறுத்துகிறது. ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் அவளுடைய சொந்தப் பழக்கத்தைக் கேட்பதோடு, பிறருடைய புகைக்கு அவள் ஆளாகிறாளா என்பதையும் கேட்டறிந்து, அவளுடைய கணவனுக்கும் ஆலோசனை வழங்க வேண்டுமென அது கூறுகிறது.

புகைக்காத தாய்க்குப் பிறர் விடும் புகையினால் என்ன நேருகிறது?

எரியும் புகையிலையிலிருந்து எழும் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனங்கள் கலந்துள்ளன. அவற்றுள் ஏறத்தாழ எழுபது, புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. கர்ப்பிணியைப் பொறுத்தவரை அவற்றுள் இரண்டை மட்டும் நாம் விளங்கிக்கொண்டாற் போதுமானது. ஒன்று காபனோரொட்சைட்டு என்னும் வாயு. நம் குருதியில் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் பொருளோடு இவ்வாயு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான வலிமையுடன் பிணைந்துகொள்கிறது. ஒட்சிசன் அமர வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்வதால், தாயின் குருதி குழந்தைக்குக் கொண்டு செல்லும் ஒட்சிசன் குறைகிறது. மற்றையது நிக்கொட்டின். இது இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வதோடு, நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் உடலுக்குள்ளும் புகுந்துவிடுகிறது.

தானே புகைக்கும் தாயிடத்தில் இதன் விளைவுகள் கடுமையானவை. குறைந்த நிறையுடன் குழந்தை பிறத்தல், காலத்துக்கு முந்திய பிரசவம், நச்சுக்கொடி முன்கூட்டியே கழன்றுவிடுதல், குழந்தை இறந்து பிறத்தல், பிறந்த குழந்தை தூக்கத்தில் திடீரென இறந்துபோதல் ஆகிய ஆபத்துகள் அதிகரிக்கின்றன. கணவனின் புகையைச் சுவாசிக்கும் தாய்க்கு அளவு குறைவு. எனினும் திசை ஒன்றே. அத்தகைய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாகச் சற்று நிறை குறைந்து பிறப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

மனைவிமாரைப் பற்றிய இந்த உண்மை முதன்முதலில் ஜப்பானில்தான் உலகின் கவனத்தை ஈர்த்தது. தகேஷி ஹிராயாமா என்னும் ஆய்வாளர், தாம் புகைக்காத 91,540 மனைவிமாரை 1966 முதல் 1979 வரை பதினான்கு ஆண்டுகள் அவதானித்து, 1981ஆம் ஆண்டில் தமது முடிவுகளை வெளியிட்டார். கணவன் எவ்வளவுக்கு அதிகமாகப் புகைத்தானோ, அவ்வளவுக்கு மனைவி நுரையீரற் புற்றுநோயால் இறக்கும் ஆபத்தும் அதிகரித்திருந்தது. வாழ்நாளில் ஒரு சிகரட்டையேனும் தொடாத பெண்கள், தங்கள் கணவன்மார் தொட்டதற்கு விலை கொடுத்திருந்தார்கள்.

குழந்தையைப் பற்றிய ஓர் ஆய்வையும் சொல்கிறேன். 1994ஆம் ஆண்டில் கனடாவின் டொரொன்டோ நகர ஆய்வாளர்கள், புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் தலைமயிரை எடுத்துச் சோதித்தனர். நிக்கொட்டினும், அது உடலில் சிதையும்போது உண்டாகும் கொட்டினின் என்னும் பொருளும், புகைத்த தாய்மாரின் குழந்தைகளுடைய முடியில் மிகுதியாக இருந்தன. தாம் புகைக்காமல் பிறர் புகையைச் சுவாசித்த தாய்மாரின் குழந்தைகளுடைய முடியிலும் அவை காணப்பட்டன.

சகோதரர்களே, இதனைச் சற்று நிதானித்துச் சிந்தியுங்கள். குழந்தை பிறந்த ஏழாம் நாளில் அதன் முடியைக் களைந்து, அந்த முடியின் நிறைக்கு வெள்ளியைத் தர்மம் செய்வது நம்மிடையே உள்ள வழக்கம். உற்றார் உறவினரை அழைக்கிறோம், பெயர் சூட்டுகிறோம், துஆச் செய்கிறோம். தாயின் வயிற்றில் வளர்ந்த அந்த மெல்லிய முடியில் தந்தையின் சிகரட்டும் தன் தடத்தைப் பதித்திருக்கக்கூடும் என்பதை அறிந்த பின்னர், அந்தத் தந்தை எந்த மனத்தோடு அந்தத் தராசைப் பார்ப்பார்?

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லையா என்று சிலர் கேட்கலாம். நல்ல சட்டங்கள் இருக்கின்றன. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலகளாவிய சமவாயத்தை 2003ஆம் ஆண்டு நவம்பரிலேயே இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை நிறுவப்பட்டது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதும், அவற்றுக்கு விளம்பரம் செய்வதும், மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பதும் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டன. 2015 முதல் சிகரட் பெட்டியின் எண்பது வீதப் பரப்பில் எச்சரிக்கைப் படங்கள் இடம்பெற்று வருகின்றன.

ஆனால் இச்சட்டங்கள் யாவும் நமது வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகின்றன. பஸ்ஸிலும் அலுவலகத்திலும் உணவகத்திலும் முன்பின் அறியாத ஒருவரின் புகையிலிருந்து சட்டம் ஒரு கர்ப்பிணியைப் பாதுகாக்கிறது. அவள் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் வீட்டுக்குள், தன் சொந்தக் கணவனின் புகையிலிருந்து அவளைப் பாதுகாக்க எந்தச் சட்டமும் வருவதில்லை. அங்கே அவளுக்கிருக்கும் ஒரே காவல் கணவனின் மனச்சாட்சியே.

நமது வீடுகளின் அமைப்பையும் எண்ணிப் பாருங்கள். கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளில் ஒரே கூடத்தையும் ஒரே அறையையும் கொண்ட வீடுகள் எத்தனை! சுவரோடு சுவர் ஒட்டிய அவ்வீடுகளில், ஒருவர் புகைத்தால் அடுத்த வீட்டுக் குழந்தையும் இருமும். வெள்ளவத்தையில் கடலோரத் தொடர்மாடிகளில் வாழ்வோர், "நான் பல்கனியில் நின்றுதானே புகைக்கிறேன், கடற்காற்று கொண்டுபோய்விடும்" என்பார்கள். அந்தக் கடற்காற்று கரையை நோக்கியும் வீசுவதல்லவா? பல்கனியில் எழும் புகை அதே கதவு வழியே கூடத்துக்குள்ளும் மேல்மாடிச் சன்னலுக்குள்ளும் நுழைகிறது. புகைத்தவரின் சட்டையிலும் கையிலும் மூச்சிலும் அது ஒட்டிக்கொண்டு வருகிறது. புகையைச் சுவாசிப்பதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்றும், சன்னலைத் திறப்பதாலோ காற்றோட்டத்தைக் கூட்டுவதாலோ ஆபத்தை முற்றாக நீக்க முடியாதென்றும் அமெரிக்க அரசின் தலைமைச் சுகாதார அதிகாரி 2006ஆம் ஆண்டு அறிக்கையில் தெளிவுபடுத்தினார். வெளியே சென்று புகைப்பது உள்ளே புகைப்பதைவிட மேல். முற்றாக விடுவதே தீர்வு.

இவ்விடத்தில் நம் சகோதரிகளுக்கும் ஒரு சொல். வெற்றிலையோடு புகையிலைத் துண்டையும் சேர்த்து மெல்லும் பழக்கம் நமது மூத்த பெண்களிடத்திலும், சில இளந்தாய்மாரிடத்திலும் இன்னும் இருக்கிறது. மசக்கை நாட்களில் வாய்க்கு இதமாயிருக்கும் என்று வீட்டுப் பெரியவர்களே கொடுப்பதுமுண்டு. மெல்லும் புகையிலையிலும் அதே நிக்கொட்டின்தான் இருக்கிறது. அதுவும் குழந்தையைச் சென்றடைகிறது. புகையிலை சேராத பாக்குங்கூடப் புற்றுநோயை விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. ஆகவே, "நாங்கள் புகைப்பதில்லையே" என்று பெண்கள் இவ்விடயத்திலிருந்து முற்றாக விலகி நின்றுவிடலாகாது.

புகைக்கும் பெண்களும் நம்மிடையே இல்லாமலில்லை. எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சிலர். ஆயினும் அந்தச் சிலரே பெரிதும் தனித்துப் போனவர்கள். ஓர் ஆண் சந்தியில் நின்று புகைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பெண் புகைத்தாள் என்று தெரிந்தால் அவளுடைய குடும்பமே தலைகுனிகிறது. அந்த வெட்கத்தினால் அவள் வைத்தியரிடமும் மறைக்கிறாள். மறைப்பதனால் உதவியையும் இழக்கிறாள். சகோதரியே, நீங்கள் அத்தகைய நிலையில் இருந்தால், உங்கள் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கர்ப்பத்தின் எந்த மாதத்தில் நிறுத்தினாலும் குழந்தைக்கு நன்மையுண்டு. முதல் மாதங்களிலேயே நிறுத்தினால் நன்மை மிகப் பெரிது. ஏனையோருக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளையோ நிக்கொட்டின் மெல்பசையையோ நீங்களாக வாங்கிப் பாவிக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு அம்மருந்துகள் தரும் நன்மை தீமைகளை எடைபோடப் போதிய சான்றுகள் இல்லையென்றும், ஆலோசனையும் நடத்தைவழித் துணையுமே அவர்களுக்கு உறுதியாகப் பரிந்துரைக்கத்தக்கவை என்றும் அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் செயலணி 2021ஆம் ஆண்டில் கூறியுள்ளது. மின்சிகரட்டும் நிக்கொட்டினையே தருகிறது. அதுவும் கர்ப்பகாலத்துக்கு உகந்ததன்று.

அன்பு நேயர்களே! புகைத்தல் பற்றிய மார்க்கத் தீர்ப்பு குறித்து நம்மிடையே நீண்டகால விவாதம் உண்டு. புகையிலை முஸ்லிம் நாடுகளை வந்தடைந்தது இன்றைக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர்தான். அதன் தீங்கு விளங்காத காலத்து அறிஞர்கள் பலவாறு கருத்துரைத்தனர். அதன் தீங்கு ஐயமின்றி விளங்கிவிட்ட இக்காலத்தில் பெருந்தொகையான அறிஞர்கள் அது ஆகாதென்றே கூறுகின்றனர். எனினும், "ஹராமா, மக்ரூஹா?" என்று விவாதித்துக்கொண்டே அடுத்த சிகரட்டைப் பற்றவைப்போரையும் நாம் காண்கிறோம். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டு, அதன் வாடையோடு பள்ளிவாசலுக்கு வந்து பக்கத்தில் நிற்பவரைச் சங்கடப்படுத்துவதையே தடுத்த மார்க்கம், பக்கத்தில் படுத்திருக்கும் கர்ப்பிணியின் மூச்சில் நஞ்சைக் கலப்பதை அனுமதிக்குமா? உங்கள் உடல் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவளுடைய வயிற்றில் வளர்வது உங்கள் இருவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இவ்வளவும் சொன்ன பின்னர், புகைக்கும் சகோதரர்களை நோக்கி விரல் நீட்டிவிட்டுப் போவது என் நோக்கமன்று. அவர்களுள் பெரும்பாலோர் விட விரும்புகிறவர்களே. உலகெங்கும் புகையிலை பாவிப்போரில் அறுபது வீதத்துக்கும் அதிகமானோர், அதாவது எழுபத்தைந்து கோடிக்கும் மேற்பட்டோர், அதனை விட விரும்புவதாக உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டில் தெரிவித்தது. ஆனால் எவ்விதத் துணையுமின்றிச் செய்யப்படும் நூறு முயற்சிகளில் ஏறத்தாழ நான்குதான் வெற்றி பெறுகின்றன என்பதும் அந்நிறுவனத்தின் கணிப்பே. நிக்கொட்டின் உள்ளிழுத்த சில விநாடிகளில் மூளையை எட்டி, மீண்டும் மீண்டும் வேண்டுமென்ற தவிப்பை உண்டாக்கிவிடுகிறது. ஆகவே பல முறை முயன்று தவறியவரைப் பார்த்து "ஈமான் குறைந்தவன்" என்று ஏசுவது அறியாமை. அவருக்குத் தேவைப்படுவது துணை.

புகைக்கும் சகோதரரே, இனி உங்களோடு நேராகப் பேசுகிறேன்.

உங்களால் முடியும் என்பதற்கு ஆண்டுதோறும் நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். கொழும்பு பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால், ரமழான் எந்தப் பருவத்தில் வந்தாலும் நமது நோன்பு ஏறத்தாழ பதின்மூன்று மணித்தியாலம். அவ்வளவு நேரமும் நீங்கள் ஒரு சிகரட்டையும் தொடுவதில்லை. சிகரட்டை நிறுத்திப் பன்னிரண்டு மணித்தியாலங்களில் குருதியிலுள்ள நச்சு வாயுவின் அளவு வழமை நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று வைத்தியர்கள் கூறுகின்றனர். ஆக, மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது உங்கள் உடல் தன்னைச் சுத்தப்படுத்தும் வேலையின் முதற் கட்டத்தை முடித்திருக்கிறது. பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் அருந்திய கையோடு வெளியே சென்று தீப்பெட்டியை உரசும்போது, பகல் முழுவதும் ஈட்டியதை ஒரு நிமிடத்தில் எரித்துவிடுகிறீர்கள். இஃப்தாருக்குப் பின்னரான அந்த முதற் சிகரட்டை ஒரு நாள் தவிர்த்துப் பாருங்கள். முழு மாதத்தின் வாசலும் அங்கேதான் இருக்கிறது.

ரமழான் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் மனைவி கர்ப்பமுற்றிருக்கிறாள் என்று அறிந்த நாளே மிகச் சிறந்த நாள். ஒரு திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அத்திகதியில் முற்றாக நிறுத்துங்கள். இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 49 பேர் நான்கு வாரங்களின் பின்னரும் புகைக்காமலிருந்தனர். சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தியவர்களில் அவ்வாறிருந்தோர் 39 பேர். இரு சாராருக்கும் ஆலோசனையும் மருந்துத் துணையும் வழங்கப்பட்டிருந்தன என்பதையும் மறவாதீர்கள்.

அந்நாளுக்கு முன்னதாக வீட்டிலுள்ள சிகரட்டையும் லைட்டரையும் சாம்பல் தட்டையும் அகற்றிவிடுங்கள். எந்த வேளைகளில் உங்கள் கை சிகரட்டைத் தேடுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலோருக்குக் காலையில் பிளேன்டீயோடு ஒன்று, மதிய உணவுக்குப் பின் ஒன்று, முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் நண்பர்களோடு ஒன்று என்று அது வரும். முதல் சில வாரங்களுக்கு அந்த வேளைகளை மாற்றியமையுங்கள். தேநீரை வேறிடத்தில் அருந்துங்கள். உணவு முடிந்ததும் எழுந்து நடந்துவிடுங்கள். தவிப்பு எழும்போது அது பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தண்ணீர் அருந்துதல், ஆழ்ந்து மூச்சிழுத்தல், வுழூச் செய்தல், யாருடனாவது பேசுதல் ஆகியவற்றால் அந்த நிமிடங்களைக் கடந்துவிடலாம். எரிச்சலும் தூக்கமின்மையும் தலைவலியும் முதல் வாரத்தில் கடுமையாக இருக்கும். மூன்று நான்கு வாரங்களில் தணிந்துவிடும். அவை உடல் மீண்டு வருவதன் அறிகுறிகளே.

வைத்தியரிடம் செல்ல வெட்கப்படாதீர்கள். நிக்கொட்டின் மெல்பசை போன்றவை, விடுவதில் வெற்றி பெறும் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. வேறு மருந்துகளும் உள்ளன. உங்களுக்கு உகந்தது எதுவென்பதை வைத்தியர் தீர்மானிப்பார். தேசிய அதிகார சபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்தும் ஆலோசனை பெறலாம். ஒரு முறை தவறிவிட்டால், "எல்லாம் போயிற்று" என்று பெட்டியை வாங்கிவிடாதீர்கள். தவறிய அந்த ஒரு சிகரட்டோடு நிறுத்தி, எங்கே எப்படித் தவறினீர்கள் என்று பார்த்து, மறுபடி தொடங்குங்கள். தௌபாவின் வாசல் ஒரு முறை மாத்திரம் திறக்கப்படுவதன்று என்பதை நாம் அறிவோம்.

"இத்தனை ஆண்டு புகைத்தாயிற்று, இனி விட்டென்ன?" என்போருக்கு ஒரு கணக்கு. பிரித்தானிய வைத்தியர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ரிச்சர்ட் டோல் என்னும் அறிஞரும் அவருடைய சகாக்களும் 2004ஆம் ஆண்டில் தமது முடிவை வெளியிட்டனர். தொடர்ந்து புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார். முப்பது வயதில் விட்டவர் அந்தப் பத்து ஆண்டுகளையும் ஏறத்தாழ மீட்டுக்கொள்கிறார். நாற்பதில் விட்டவர் ஒன்பதையும், ஐம்பதில் விட்டவர் ஆறையும், அறுபதில் விட்டவர்கூட மூன்றையும் மீட்கிறார். ஆயுளை அளிப்பவன் அல்லாஹ்; காரணங்களைப் பேணுவது நம் கடமை.

இன்னொரு கணக்கு பணத்தைப் பற்றியது. பெரிதும் விற்பனையாகும் சிகரட் ஒன்றின் விலை இன்று நூறு ரூபாவைத் தாண்டிவிட்டது. நாளொன்றுக்கு ஐந்து என்றாலும் மாதத்துக்குப் பதினையாயிரம் ரூபாவுக்கும் அதிகம். கர்ப்பிணியின் முட்டைக்கும் பாலுக்கும் மீனுக்கும் கணக்குப் பார்க்கும் வீட்டில், இந்தப் பதினையாயிரம் யாருடைய தட்டிலிருந்து எடுக்கப்படுகிறது?

இனி, வீட்டாருக்கும் சமூகத்துக்கும் சில சொற்கள். சகோதரியே, உங்கள் கணவரைத் திருத்தும் முழுச்சுமையையும் உங்கள் தலைமீது போட்டுக்கொள்ள வேண்டாம். சட்டைப்பையைச் சோதிப்பதும், மூச்சை முகர்ந்து பார்ப்பதும், பலர் முன்னிலையில் குத்திப் பேசுவதும் அவரை மேலும் மறைக்கவே செய்யும். "எனக்கும் பிள்ளைக்கும் இது கூடாது என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். நீங்கள் விட வேண்டும்; நான் கூடவே இருக்கிறேன்" என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். அவர் எரிச்சலடையும் நாட்களில் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: சுகாதார உத்தியோகத்தர் கேட்கும்போது அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள். உண்மையைச் சொல்வதால் கணவனின் மானம் போய்விடாது. அந்த உத்தியோகத்தர் கேட்பது குற்றம் பிடிப்பதற்காகவன்று.

மாமிமாரே, வாப்பாமாரே! கர்ப்பிணி இருக்கும் வீட்டில் எவரும், விருந்தினராயினும், புகைக்கலாகாது என்ற ஒழுங்கை நீங்கள் சொன்னால் அது நடக்கும். மருமகள் சொன்னால் அது வம்பாகத் தோன்றும். பெரியவர்கள் இங்கே தமது மரியாதையைப் பயன்படுத்த வேண்டும்.

பள்ளிவாசல் நிருவாகிகளே! திருமண வைபவங்களில் சிகரட் வழங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். நிக்காஹ் முடிக்கும் மணமகனுக்கு நாம் கூறும் உபதேசங்களோடு, "உன் வீட்டைப் புகையற்ற வீடாக வைத்துக்கொள்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விட முயலும் மூன்று நான்கு பேரை ஒருவரோடொருவர் சேர்த்துவிடுங்கள். தராவீஹ் முடிந்து வெளியே வரும் வேளையில் அவர்கள் ஒன்றாக நடந்து வீடு திரும்பினால், சந்திக் கடையைக் கடப்பது இலகுவாகும்.

நிறைவாக, கொட்டாஞ்சேனைச் சகோதரரின் கதைக்கு வருகிறேன். அடுத்த முறை குடும்ப நல உத்தியோகத்தர் வந்தபோது, அவர் திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்னறைக்கு வந்து, "மிஸ், போன முறை எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் புகைப்பவன் நான்" என்றார். அவருடைய மனைவி தலைகுனிந்து அழுதாராம். உத்தியோகத்தர் ஏசவில்லை. எப்போது நிறுத்தப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாராம். அவர் ஒரு திகதியைச் சொன்னார். அந்தத் திகதியில் நிறுத்தினார். மூன்றாம் வாரத்தில் ஒரு திருமண வீட்டில் தவறினார். வீடு வந்து மனைவியிடம் அதனை ஒப்புக்கொண்டு, மறுநாட் காலை மீண்டும் தொடங்கினார். குழந்தை பிறப்பதற்கு முன்னர் மற்றொரு முறையும் தவறினார். பின்னர் தவறவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் முடி களைந்தபோது என்னையும் அழைத்திருந்தார். முடியை ஒரு வெள்ளைத் துணியில் ஏந்தி வைத்திருந்தவர் என் காதருகே, "இதில் என்னுடைய ஆறு மாதம் இருக்கிறது ஹஸ்ரத், மிச்சம் சுத்தம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவருடைய கையைப் பற்றிக்கொண்டேன்.

அன்பு நேயரே, உங்கள் வீட்டிலும் ஒரு பதிவட்டை இருக்கலாம். அதில் யாரோ ஒருவர் உங்களுக்காக "இல்லை" என்று சொல்லி வைத்திருக்கலாம். அந்தச் சொல்லை மெய்யாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. இன்று ஒரு திகதியைக் குறியுங்கள், நிய்யத்தை வையுங்கள், உதவியைக் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நமது இல்லங்களையும், நமது தாய்மாரின் மூச்சையும், அவர்கள் சுமக்கும் அமானிதங்களையும் தூய்மையாகக் காத்தருள்வானாக. விட முயலும் நம் சகோதரர்களுக்கு உறுதியை அளிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.